கடலாய்வுக் கப்பலும் கடலுயிர்களைத் தேடும் கருவிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆய்வுக் கப்பலில் முதல்முறை ஏறப் போகிறவர்களும், கரையிலிருந்தபடி அந்தத் தரவை வைத்து வேலை செய்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. ஒவ்வொரு கருவியும் எதைப் பிடிக்கும் என்பதோடு எதைத் தவறவிடும் என்பதையும் சேர்த்தே சொல்லியிருக்கிறோம். தவறவிடுவது எது என்று தெரியாமல் ஒரு கருவி தரும் எண்ணை நம்பக் கூடாது.

ஆய்வுக் கப்பல் என்று தனியாக எதற்கு? மீன்பிடிக் கப்பலில் கருவிகளை ஏற்றிப் போனால் ஆகாதா?

கரையோர வேலைகள் சிலவற்றுக்கு ஆகும். ஆழ்கடலுக்கு ஆகாது. 4,000 மீட்டர் ஆழத்துக்குக் கேபிள் இறக்கினால் கப்பல் மணிக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். அங்கே நங்கூரம் போட வழியில்லை. செயற்கைக்கோள் இருப்பிடத்தைப் பார்த்து உந்திகளைத் தானாகவே இயக்கிக் கப்பலை நிலைநிறுத்தும் அமைப்பு வேண்டும். கேபிளைச் சுற்றும் வின்ச், கருவியைக் கடலுக்கு மேல் நீட்டித் தூக்கும் பின்புறத்து ஏ-ஃப்ரேம், மின்சாரமும் தரவும் கடத்தும் கேபிள் எல்லாம் கப்பலின் கட்டமைப்போடு சேர்ந்தவை. பிறகு கொண்டுவந்து பொருத்துவது சிரமம்.

இதைவிட முக்கியம் சத்தம். எஞ்சின் அதிர்வு உடற்சுவர் வழியாகத் தண்ணீருக்குப் போனால், ஒலி அனுப்பி எதிரொலியை வாங்கும் சோனார் கெடும், மீன்களும் விலகிப் போகும். அதனால் மீன்வள ஆய்வுக் கப்பல்களில் டீசல் ஜெனரேட்டர்களை அதிர்வு தாங்கிகள் மேல் வைத்து, உந்தியை மின்மோட்டாரால் சுழற்றுவார்கள். இந்தக் கப்பல்கள் தண்ணீருக்குள் எவ்வளவு சத்தம் எழுப்பலாம் என்பதற்கு 1995 முதல் சர்வதேச வரையறை ஒன்று உண்டு.

அப்படிக் கட்டிய கப்பலிலும் ஒரு தொல்லை மிச்சமிருக்கும். அலையில் முகப்பு அடித்து எழும்போது காற்றுக்குமிழிகள் அடிப்பகுதி வழியாகப் பின்னுக்கு ஓடும். அவை சோனார் முகத்தை மறைத்தால் திரையில் பட்டை பட்டையாக வெறுமை விழும். சோனாரை, கப்பலின் அடியில் கீழே இறக்கக்கூடிய கீல் என்ற தண்டில் பொருத்துவது இதற்காகத்தான். அப்படியும் குமிழி வந்தால் வேகத்தைக் குறைத்து, அலைக்கு வேறு கோணத்தில் ஓட்டிப் பாருங்கள்.

சி.டி.டி. என்பது என்ன? உயிரின ஆய்வில் அது ஏன் முதலில் இறங்குகிறது?

தண்ணீரின் மின்கடத்துதிறன், வெப்பநிலை, ஆழம் மூன்றையும் அளக்கும் கருவி. மின்கடத்துதிறனிலிருந்து உப்பளவைக் கணக்கிடுவார்கள். இதைச் சுற்றி வட்டச் சட்டத்தில் 12, 24 அல்லது 36 நிஸ்கின் பாட்டில்கள் நிற்கும்; வேண்டிய ஆழத்தில் மூடித் தண்ணீர் பிடிப்பவை இவை. பசும்பாசி எந்த ஆழத்தில் குவிந்திருக்கிறது, ஆக்சிஜன் எங்கே சரிகிறது என்று தெரிந்த பிறகுதான் வலையை எந்த ஆழத்தில் இழுப்பது என்று முடிவு செய்ய முடியும். அதனால்தான் இதற்கு முதலிடம்.

இறக்கும் முறை: முதலில் 10 மீட்டர் ஆழத்தில் இரண்டு மூன்று நிமிடம் நிறுத்துங்கள். சென்சாருக்குத் தண்ணீர் தள்ளும் பம்ப், உப்புநீர் பட்டுச் சுமார் ஒரு நிமிடம் கழித்தே ஓடத் தொடங்கும்; குழாய்க்குள் சிக்கிய காற்றும் வெளியேற வேண்டும். பிறகு மேற்பரப்புக்கு அருகே கொண்டுவந்து இறக்கத் தொடங்கலாம். முதல் 100 மீட்டருக்கு நிமிடத்துக்கு 30 மீட்டர், அதற்குக் கீழே 60 மீட்டர். தரைக்கு 10 மீட்டர் இருக்கும்போது நிறுத்திவிட வேண்டும்; அந்தக் கடைசி தூரத்தைச் சட்டத்தில் உள்ள உயரமானி சொல்லும்.

அளவுகளை இறங்கும்போது எடுத்ததிலிருந்து பயன்படுத்துங்கள். ஏறும்போது பாட்டில்களும் சட்டமும் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே வரும். சென்சார்கள் அடியில் இருப்பதால் அந்தக் கலங்கல்தான் பதிவாகும். பாட்டில்களை மூடுவது மட்டும் ஏறும்போது. ஒவ்வோர் ஆழத்திலும் 30 வினாடி முதல் ஒரு நிமிடம் வரை நின்ற பிறகே மூட வேண்டும்.

ஒருமுறை இறக்கி ஏற்ற எவ்வளவு நேரம் பிடிக்கும்?

4,000 மீட்டருக்கு இறங்க 70 நிமிடம், ஏற 70 நிமிடம், 24 பாட்டிலுக்கு 24 நிமிடம், தூக்கி வைக்க இறக்க ஒரு கால்மணி. மூன்று மணி நேரம் என்று திட்டமிடுங்கள். கடல் கொந்தளித்தால் அதுவும் போதாது.

பாட்டில்களிலிருந்து தண்ணீரை எந்த வரிசையில் எடுக்க வேண்டும்?

வாயுக்கள் முதலில், உப்பு கடைசியில். பாட்டிலைத் திறந்ததும் மேலே காற்று நுழைந்துவிடும் என்பதால் ஆக்சிஜனுக்குத்தான் அவசரம். அடுத்து கார்பன், பிறகு சத்துப்பொருள்கள், பச்சையம், உப்பளவு.

அதற்கும் முன் கசிவு பாருங்கள். மேல் காற்றுத்திருகு மூடியிருக்கும்போதே கீழ்க் குழாயைத் திறக்க வேண்டும். சொட்டு வராவிட்டால் பாட்டில் நன்றாக மூடியிருக்கிறது. தண்ணீர் ஓடினால் எங்கோ காற்று புகுகிறது; ஏறி வரும் வழியில் வேறு ஆழத்துத் தண்ணீர் கலந்திருக்கலாம். அந்தப் பாட்டில் எண்ணைக் குறித்துவைக்காமல் விட்டால் பிறகு கண்டுபிடிக்க வழியே இல்லை.

ஆக்சிஜனுக்குக் குழாயைக் குடுவையின் அடிவரை விட்டு, குமிழி இல்லாமல் நிரப்பி, குடுவையின் கொள்ளளவுபோல் மூன்று மடங்கு வழியவிட வேண்டும். உடனே மாங்கனீசு உப்பும் கார அயோடைடும் சேர்த்து மூடிக் குலுக்குங்கள். மூடியின் அடியில் ஒரு சிறு குமிழி தெரிந்தாலும் கொட்டிவிட்டு மறுபடி எடுங்கள். உப்பளவுக் குப்பியை அதே தண்ணீரால் மூன்று முறை அலச வேண்டும்.

மிதக்கும் துகள்களை எடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: கனமான துகள்கள் பாட்டிலுக்குள்ளேயே குழாய்வாய்க்குக் கீழே படிந்துவிடும். காத்திருக்கும் நேரம் கூடக்கூட, வடிகட்டியில் விழும் அளவு குறையும்.

எக்கோ சவுண்டரில் மீன் எப்படித் தெரிகிறது?

எக்கோ சவுண்டர் என்பது கீழ்நோக்கி ஒலி அனுப்பி எதிரொலியை வாங்கும் சோனார். ஒலி தண்ணீரில் வினாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும். மீனின் சதையும் தண்ணீரும் ஒலிக்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான். எதிரொலியில் 90 சதவீதத்துக்கும் மேல் மீனின் காற்றுப்பையிலிருந்து வருகிறது. காற்றுப்பை இல்லாத அட்லாண்டிக் அயலை மீன் அதனால் மங்கலாகத் தெரியும்.

மீன்வள ஆய்வில் 18, 38, 70, 120, 200 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்களைச் சேர்த்து ஓட்டுவார்கள். 38-இல் அலைநீளம் 4 சென்டிமீட்டர். ஆயிரம் மீட்டர் வரை எட்டும். 200-இல் முக்கால் சென்டிமீட்டர்தான். சிறிய உயிரினங்களும் தெரியும், ஆனால் எட்டு தூரம் 200, 300 மீட்டரோடு சரி. இறால் போன்ற சிறு உயிரினமான கிரிலின் கூட்டம் 38-ஐவிட 120-இல் பலமாகத் தெரியும். காற்றுப்பையுள்ள மீனுக்கு அந்த வித்தியாசம் அவ்வளவு இருக்காது. இந்த ஒப்பீட்டை வைத்துத்தான் இரண்டையும் பிரிக்கிறார்கள்.

ஏமாற்றும் ஒன்றும் கடலில் உண்டு. சைஃபனோஃபோர் என்ற ஜெல்லி உயிரினங்கள் சிலவற்றின் நுனியில் மணியளவு வாயுப்பை இருக்கும். அது குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஒத்ததிர்ந்து பெரிய மீன் போல எதிரொலிக்கும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் சோனாரில் நடுக்கடலில் ‘தரை’ ஒன்று தெரிந்தது. பகலில் பல நூறு மீட்டர் ஆழத்தில் இருந்தது, இரவில் மேலே ஏறி வந்தது. மீன், இறால், கணவாய், ஜெல்லி என்று உயிரினங்கள் அடர்ந்த அடுக்கு அது. அதில் யாருடைய பங்கு எவ்வளவு என்று எக்கோவை மட்டும் வைத்துச் சொல்ல இன்றும் முடியாது.

தரையை ஒட்டிய மீன்களும் தெரியாது. தரையின் எதிரொலி அவற்றை விழுங்கிவிடும். கப்பலின் அடியிலிருந்து மேற்பரப்பு வரை உள்ள சில மீட்டரும் அப்படியே.

எக்கோ சவுண்டரை அளவுதிருத்தம் செய்வது எப்படி? ஒவ்வொரு பயணத்திலும் தேவையா?

தேவை. 3 டெசிபெல் பிழை என்றால் மீன் கையிருப்பின் மதிப்பீடு இரண்டு மடங்காகும் அல்லது பாதியாகும்.

அலையில்லாத விரிகுடாவில் கப்பலை நிறுத்தி, 38.1 மில்லிமீட்டர் விட்டமுள்ள டங்ஸ்டன் கார்பைடு உருண்டையை மூன்று நைலான் நரம்புகளில் கட்டி, சோனாருக்குக் கீழே 15 முதல் 25 மீட்டரில் தொங்கவிட வேண்டும். மூன்று கைச்சுருளிகளையும் மாற்றி மாற்றிச் சுற்றி உருண்டையை ஒலிக்கற்றை முழுவதும் நகர்த்துங்கள். அதன் எதிரொலி எவ்வளவு இருக்க வேண்டும் என்பது கணக்கிட்டு அறிந்தது. காட்டும் அளவுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசமே திருத்தம்.

உருண்டையைத் தண்ணீரில் விடும் முன் சோப்பு நீரில் தோய்க்க வேண்டும். இல்லாவிட்டால் பரப்பில் நுண்குமிழிகள் ஒட்டிக்கொண்டு எதிரொலியை மாற்றிவிடும். முடிச்சுகளை உருண்டைக்கு அருகே போடாதீர்கள். மீன்கள் வேடிக்கை பார்க்க வந்து உருண்டையைச் சுற்றினால் அந்தப் பதிவுகளை வெட்டிவிடுங்கள். அந்த இடத்தின் வெப்பநிலையையும் உப்பளவையும் அன்றைக்கே அளந்து உள்ளிடுவது கட்டாயம்.

சோனார் இருக்கும்போது வலை எதற்கு?

எதிரொலிக்குப் பெயர் வைப்பது வலைதான். நுண்மிதவைகளுக்கு 60 சென்டிமீட்டர் வாய் கொண்ட இரட்டை போங்கோ வலை பரவலாகப் பயன்படுகிறது. கண்ணளவு 333 அல்லது 505 மைக்ரான். அடுக்கடுக்காகப் பிரித்துப் பிடிக்க, ஒரே சட்டத்தில் பல வலைகள் மாட்டி ஒவ்வொன்றையும் குறித்த ஆழத்தில் திறந்து மூடும் மோக்னஸ் போன்ற அமைப்பு வேண்டும்.

எவ்வளவு தண்ணீர் வடிகட்டப்பட்டது என்று தெரியாமல் பிடித்ததை எண்ணிப் பயனில்லை. வலைவாயில் மாட்டிய ஓட்டமானி 18,600 சுற்று காட்டியது என்று வையுங்கள். பரவலாக உள்ள வகையின் மாறிலி 26,873. இரண்டையும் பெருக்கி 9,99,999-ஆல் வகுத்தால் 500 மீட்டர். 60 சென்டிமீட்டர் வாயின் பரப்பு 0.283 சதுர மீட்டர். ஆக 141 கன மீட்டர் தண்ணீர். வலையில் கோப்பிபாடு என்ற நுண்மிதவைகள் 2,820 இருந்தால் கன மீட்டருக்கு 20.

ஆழத்தையும் கேபிள் நீளத்தையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். 300 மீட்டர் கேபிள் விட்டு, அது செங்குத்திலிருந்து 45 பாகை சாய்ந்திருந்தால் வலை இருப்பது சுமார் 212 மீட்டரில்.

பாசி மிகுந்த நீரில் வலைக்கண் அடைபடும். தண்ணீர் உள்ளே போகாமல் வாயிலேயே திரும்பித் தள்ளும், உயிரினங்களும் கூடவே ஒதுங்கும். ஒரே வேகத்தில் ஒரே நேரம் இழுத்தும் ஓட்டமானி வழக்கத்தைவிடக் குறைவாகக் காட்டினால் அடைப்பு என்று அர்த்தம். கிரிலும் லாந்தர் மீன்களும் வலையைக் கண்டு விலகக்கூடியவை; பகலில் இது அதிகம். பகலில் குறைவாகப் பிடிபட்டதை வைத்து அங்கே குறைவாகத்தான் இருக்கின்றன என்று எழுதிவிடாதீர்கள்.

பிடித்ததை எதில் போட்டு வைப்பது?

எதற்காக என்பதைப் பொறுத்தது. உருவம் பார்த்து எண்ண வேண்டுமானால் 4 சதவீத ஃபார்மால்டிஹைடு: கடையில் கிடைக்கும் செறிந்த கரைசல் (ஃபார்மலின்) ஒரு பங்கு, கடல்நீரும் மாதிரியும் ஒன்பது பங்கு. போராக்ஸ் சேர்த்து அமிலத்தைத் தணித்திருக்க வேண்டும். தணிக்காத கரைசலில் கடல் வண்ணத்துப்பூச்சி எனப்படும் சிறு நத்தைகளின் ஓடும் மீன்குஞ்சுகளின் செவிக்கற்களும் கரைந்துபோகும். டி.என்.ஏ. வேண்டுமானால் 95 சதவீத எத்தனால். மாதிரியிலிருந்த தண்ணீர் அதை நீர்க்கச் செய்துவிடுவதால் 24 மணி நேரத்தில் வடித்துப் புதிதாக ஊற்றுங்கள். இரண்டும் வேண்டுமானால் ஃபார்மலின் ஊற்றும் முன்னரே மாதிரியைப் பாதியாகப் பிரித்துவிட வேண்டும்.

ஜாடியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மாதிரி இருக்கக் கூடாது. நிறையத் திணித்தால் நடுவில் உள்ளவை அழுகும்.

தயாராகப் போகாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1977-ஆம் ஆண்டு உதாரணம். பசிபிக் கடலின் கலாபகோஸ் பிளவில் சுமார் 2,500 மீட்டர் ஆழத்தில் வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றி உயிர்க்கூட்டம் இருப்பதை முதன்முதலில் கண்ட அந்தப் பயணத்தில் உயிரியலாளர் யாரும் இல்லை, ஃபார்மால்டிஹைடும் கொஞ்சம்தான். மாதிரிகள் சிலவற்றை வோட்காவில் போட்டுக் கொண்டுவந்தார்கள்.

ஜெல்லி உயிரினங்களை முழுசாகப் பிடிக்க வழி உண்டா?

வலையில் இல்லை. சீப்பு ஜெல்லிகளும் சைஃபனோஃபோர்களும் வலையில் சிதைந்துவிடும். சீப்பு ஜெல்லிகள் பல ஃபார்மலினில் போட்டால் கரைந்தே போகும். நூறாண்டுக்கும் மேலாக வலையை வைத்தே நடுக்கடலைப் படித்ததால் இவற்றின் பங்கு மிகக் குறைவாகவே மதிப்பிடப்பட்டது. இது சின்ன விடுபடல் இல்லை.

ஆர்.ஓ.வி. என்ற கேபிள்வழி இயங்கும் நீரடி வாகனம்தான் இதை மாற்றியது. திறந்த உருளையை உயிரினத்தின் மேல் மெதுவாகக் கொண்டுபோய் இருபுறமும் மூடியைச் சரித்து, அது மிதக்கும் தண்ணீரோடு சேர்த்துப் பிடிப்பார்கள். வாகனம் அணுகும்போது உந்திகளை முன்னோக்கித் தள்ளாமல் மிதவைச் சமநிலையில் வழுக்கிப் போக வேண்டும். உந்தியின் ஓட்டம் பட்டால் சைஃபனோஃபோரின் சங்கிலி போன்ற உடல் அறுந்துவிடும்.

ஆர்.ஓ.வி., ஏ.யூ.வி., ஆள் போகும் நீர்மூழ்கி: எதைத் தேர்ந்தெடுப்பது?

ஓரிடத்தில் நின்று பார்த்து, எடுத்து, மறுபடி பார்க்க ஆர்.ஓ.வி. மின்சாரம் மேலிருந்து வருவதால் நாள்கணக்கில் கூட அடியில் இருக்கலாம். மேலே பத்து நிபுணர்கள் ஒரே திரையைப் பார்க்கலாம். பெரிய பரப்பைப் படமெடுக்க, வரைபடமாக்கக் கேபிள் இல்லாமல் தானே ஓடும் நீரடி வாகனமான ஏ.யூ.வி. அது முன்கூட்டி எழுதிய பாதையில் போகும். வியப்பான ஒன்றைக் கண்டாலும் நின்று பார்க்காது. ஆள் போகும் நீர்மூழ்கியில் கண்ணின் அகன்ற பார்வை கிடைக்கும். 1964-இல் பணியில் சேர்ந்த அமெரிக்க நீர்மூழ்கி ஆல்வின் மேம்பாட்டுக்குப் பிறகு 2022 முதல் 6,500 மீட்டர் வரை போகிறது. ஆனால் முழுக்கு ஒரு பகலுக்குள் முடிந்துவிடும், செலவும் பாதுகாப்பு ஏற்பாடும் அதிகம்.

எதுவானாலும் இழப்புக்கு மனம் தயாராக இருக்க வேண்டும். 1995-இல் மரியானா அகழியின் அடியைத் தொட்ட ஜப்பானின் ஆளில்லா வாகனம் கைக்கோ 2003-இல் இணைப்புக் கேபிள் அறுந்து தொலைந்தது. அமெரிக்காவின் ஆளில்லா வாகனம் நெரியஸ் 2014 மே மாதம் கெர்மடெக் அகழியில் 9,900 மீட்டரில் நொறுங்கியது. தரவைக் கூடியவரை உடனுக்குடன் மேலே எடுத்துவிடுங்கள்.

ஆழத்தில் கருவிகள் பழுதாவது பெரும்பாலும் எதனால்?

ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 4,000 மீட்டரில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மேலும் 400 கிலோவுக்கு மேல் அழுத்தும். இருந்தும் உறை நொறுங்குவது அரிது. அடிக்கடி நடப்பது கசிவு, அதுவும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்திலும் இணைப்பானிலும்.

ஓ-ரிங்கை உலோகக் கம்பியால் கிளறி எடுக்காதீர்கள்; பள்ளத்தில் கீறல் விழும். பிளாஸ்டிக் குச்சி போதும். பள்ளத்தைப் பஞ்சிழை உதிராத துணியால் துடைத்து, ஓ-ரிங்கை விரல்களுக்கிடையே உருவிப் பாருங்கள். வெட்டும் மணலும் கண்ணைவிட விரலுக்கு நன்றாகத் தெரியும். கிரீஸ் பளபளப்புக்கு மட்டும். அதிகம் தடவினால் தூசியைப் பிடித்துவைக்கும். ஒரு தலைமுடி குறுக்கே கிடந்தால் போதும், தண்ணீர் நுழைந்துவிடும்.

ஆர்.ஓ.வி.யில் மின்கசிவு எச்சரிக்கை வந்தால் வேலையைத் தொடராமல் சுற்றுகளை ஒவ்வொன்றாக அணைத்துக் கசியும் சுற்றைக் கண்டுபிடியுங்கள்.

வெளிச்சம் போட்டால் உயிரினங்கள் ஓடிவிடாதா?

பல ஓடிவிடும், சில நெருங்கி வரும். இரண்டுமே எண்ணிக்கையைக் கெடுக்கும். ஆழ்கடல் உயிரினங்களில் பெரும்பாலானவற்றுக்குச் சிவப்பு தெரியாது என்பதால் சிவப்பு விளக்கும், அதற்கு உணர்வுள்ள கேமராவும் பயன்படுத்துகிறார்கள். 2012-இல் ஜப்பானின் ஒகசவாரா தீவுகளுக்கு அருகே ராட்சதக் கணவாயை அதன் வாழிடத்திலேயே படமெடுத்தபோது கைகொடுத்தது இந்த உத்திதான். ஜெல்லியின் ஒளியைப் போல மின்னும் போலி இரையும் உடன் இருந்தது. சிவப்பு ஒளியைத் தானே உமிழ்ந்து பார்க்கும் டிராகன் மீன்கள் சில உண்டு. அவற்றிடம் இது பலிக்காது. சிவப்பு தண்ணீரில் சீக்கிரம் மங்கிவிடுவதால் சில மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாது என்பதும் இதன் விலை.

அளவு தெரிய 10 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு இணை லேசர் புள்ளிகளைப் படத்தில் விழவையுங்கள்.

தண்ணீரில் கிடக்கும் டி.என்.ஏ.வை வைத்தே என்ன உயிரினம் இருக்கிறது என்று சொல்லிவிடலாமா?

எது இருந்திருக்கிறது என்று சொல்லலாம். எத்தனை, எவ்வளவு பெரியது, உயிரோடு இருந்ததா என்று சொல்ல முடியாது. கடலில் இந்த டி.என்.ஏ. சில மணி முதல் சில நாள் வரை தாங்கும். அதற்குள் நீரோட்டம் அதை வேறிடத்துக்குக் கொண்டுபோயிருக்கும்.

ஓரிரண்டு லிட்டரை 0.22 அல்லது 0.45 மைக்ரான் வடிகட்டியில் செலுத்தி, வடிகட்டியை மைனஸ் 80 பாகையில் உறையவைக்க வேண்டும். பாத்திரங்களை 10 சதவீத பிளீச்சிங் கரைசலில் ஊறவைத்து நன்றாக அலசுங்கள். ஒவ்வொரு மாதிரிக்கும் புதுக் கையுறை. தூய நீரை அதே வழியில் வடிகட்டிய வெற்று மாதிரியும், மாதிரி எடுக்க நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் (நிலையம்) வேண்டும்.

கப்பலின் சமையலறையை மறந்துவிடாதீர்கள். மதியம் மீன் கழுவிய தண்ணீர் வெளியேறும் பக்கத்தில் மாதிரி எடுத்தால் அந்த மீன் முடிவில் வந்து நிற்கும். மாதிரி எடுக்கும் நேரத்தில் கழிவுநீர் வெளியேற்றத்தை நிறுத்தச் சொல்லி முன்கூட்டியே கேப்டனிடம் பேசி வையுங்கள். சமைத்த மீன்களின் பட்டியலையும் குறித்துவையுங்கள்.

திமிங்கிலம், டால்பின் ஒலியைப் பதிய எந்த வேகத்தில் மாதிரி எடுக்க வேண்டும்?

கேட்க விரும்பும் உச்ச அதிர்வெண்ணைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். துடுப்புத் திமிங்கிலம் 20 ஹெர்ட்ஸ் அருகே பாடும். கடற்பன்றியின் கிளிக் 130 கிலோஹெர்ட்ஸ் அருகே. வினாடிக்கு 48,000 மாதிரி, 16 பிட் என்றால் நாளொன்றுக்கு 8.3 ஜிகாபைட். கடற்பன்றிக்காக 3,84,000 ஆக்கினால் 66 ஜிகாபைட். நினைவகமும் பேட்டரியும் போதாவிட்டால் இடைவெளி விட்டுப் பதியலாம். ஆனால் எப்போதாவது கடந்து போகும் உயிரினங்களை அது தவறவிடும். மௌனமாக இருக்கும் விலங்கு எந்த ஒலிப்பதிவுக் கருவியிலும் பதிவாகாது.

கப்பல் இல்லாமலே அளக்க முடியாதா?

நிறைய முடியும். உலகக் கடல்களில் சுமார் 4,000 ஆர்கோ என்ற தானியங்கி மிதவைகள் 1,000 மீட்டரில் மிதந்து, பத்து நாளுக்கு ஒருமுறை 2,000 மீட்டருக்கு இறங்கி அளந்தபடி மேலே வந்து தரவை அனுப்புகின்றன. சிலவற்றில் ஆக்சிஜன், நைட்ரேட், பச்சையம், அமிலத்தன்மை அளக்கும் சென்சார்களும் உண்டு. கிளைடர் என்ற ஆளில்லா நீரடிக் கருவிகள் மிதப்பை மாற்றி மாற்றி மாதக்கணக்கில் நகரும். யானை சீல்களின் தலையில் ஒட்டிய சி.டி.டி. பட்டைகள் பனிக்கடியில் கப்பல் போக முடியாத இடத்து அளவுகளைத் தருகின்றன.

இவற்றின் எதிரி உயிர்ப்படிவு. வெயில் படும் ஆழத்தில் சில வாரத்திலேயே சென்சார் முகத்தில் பாசி படரும், கிளைடர் உடம்பில் சிப்பிகள் ஒட்டி வேகம் குறையும். செம்புக் காப்பும் தானியங்கித் துடைப்பானும் தாமதப்படுத்தும், தடுக்காது. கப்பலிலிருந்து அவ்வப்போது தண்ணீர் எடுத்து ஒப்பிட்டால்தான் அவை எவ்வளவு விலகியிருக்கின்றன என்று தெரியும்.

மாதிரிச் சீட்டில் என்ன எழுத வேண்டும்?

பயண எண், நிலைய எண், தேதியும் நேரமும், அட்சரேகை, தீர்க்கரேகை, கருவி, கண்ணளவு, மேல் ஆழம், கீழ் ஆழம், ஊற்றிய திரவம். நேரம் உலகப் பொது நேரத்திலேயே இருக்கட்டும். ஒருவர் கப்பல் நேரத்திலும் இன்னொருவர் பொது நேரத்திலும் எழுதினால் பகல் மாதிரியும் இரவு மாதிரியும் இடம் மாறிவிடும். தண்ணீரில் கிழியாத தாளில் பென்சிலால் எழுதி ஜாடிக்குள் போடுங்கள். மார்க்கர் மையை எத்தனால் அழித்துவிடும். மூடியில் மட்டும் எழுதவே எழுதாதீர்கள்: நான்கு ஜாடிகளை ஒரே நேரத்தில் திறந்து வடிக்கும்போது மூடிகள் மாறும்.